வடிவுக்கு ஒரு தோசைக்கல்

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தபோது வடிவு வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி ஹெப்சி, நான் கல்யாணம் பண்ணிக்கிடலாம்னு இருக்கேன்."

விளையாட்டாக்கும் என்று நினைத்து, "மாப்பிள்ளை எந்த ஊரு ராசா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கீரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

ஆள் கடையத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் பேச்சிமுத்து. தோட்டத்து மோட்டாருக்குக் கரண்டு இணைப்பு கேட்டு வடிவு வேலை பார்க்கும் மின்சார அலுவலகத்துக்கு வந்தவர். அவருடைய மனுவை வடிவுதான் தட்டச்சு செய்து கொடுத்தாள். இணைப்பு கிடைத்து, போன வருஷமே மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகும் ஏதாவது சாக்கு வைத்து வந்துபோயிருக்கிறார். மனைவியை இழந்தவர். பிள்ளைகள் இல்லை.

வடிவுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள். பதினோரு வருஷமாக நாங்கள் இருவரும் இந்தச் சமாதானபுரம் வீட்டில் ஒரே அடுக்களையில் பொங்கிச் சாப்பிடுகிறோம். இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"உனக்குச் சந்தோஷம்தானே?" என்று கேட்டாள்.

"பின்னே? எனக்கில்லாம யாருக்கு?" என்றேன். கீரைக் கூட்டு நன்றாக வந்திருந்தது.

பிப்ரவரி 5, புதன்

முதலாண்டுப் பிள்ளைகள் இன்று இரண்டு பியூரெட்டை உடைத்துவிட்டார்கள். கல்லூரி ஆய்வகம் என்றும் பாராமல் கத்திவிட்டேன். பேராசிரியை எட்டிப் பார்த்து, "என்ன ஹெப்சிபா, உடம்பு சரியில்லையா?" என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வடிவு நேற்று அலுவலகத்துச் செண்பகத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடையத்துக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. வீட்டைச் சுற்றிலும் கன்றுகளாம், பின்பக்கம் மலை தெரிகிறதாம், கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறதாம். அடுக்களை எப்படி என்று கேட்டேன். அப்போதுதான் கொஞ்சம் நிறுத்தினாள்.

"அடுக்களை பெருசுதான். ஆனா ஏட்டி, எல்லாப் பாத்திரத்துலயும் அந்த அம்மா பேரு வெட்டியிருக்கு. பே. வேலம்மாள், பே. வேலம்மாள்னு. குடத்துல, சட்டியில, தம்ளர்லகூட. தண்ணி குடிக்கப் போனா வாய்க்கு நேர அவுக பேரு நிக்கி."

"எடுத்துப் போட்டுட்டு வேற வாங்கிக்கிடச் சொல்லு."

"சேச்சே. செத்துப்போனவங்க ஆசையா வாங்குனது. அதெல்லாம் இருந்துட்டுப் போட்டும்."

அப்போதே முடிவு செய்துவிட்டேன். சேலை அவளே எடுத்துக்கொள்வாள். வெள்ளி விளக்கு அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து கொடுக்கப்போகிறார்கள். நான் அடுக்களைக்குத்தான் ஏதாவது கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் அவள் கைவைத்ததும் 'இது என்னுடையது' என்று நினைக்க ஒரு சாமானாவது வேண்டாமா?

பிப்ரவரி 15, சனி

டவுனுக்குப் போய் ரத வீதியில் மூன்று பாத்திரக்கடை ஏறி இறங்கினேன். முதலில் இட்லிக் கொப்பரை பார்த்தேன். வடிவுக்கு இட்லி என்றால் அவ்வளவு இஷ்டமில்லை. இடியாப்ப உரல் பார்த்தேன். பிழிவதற்குத் தோள் பலம் வேண்டும். அவளுக்கு வலது தோளில் வலி உண்டு, இந்த வீட்டில் பிழிவது எப்போதும் நான்தான். அங்கே யார் பிழிவார்கள்? ஆப்பச்சட்டியைக் கையில் எடுத்தேன். மூடி சரியாக உட்காரவில்லை.

கடைக்காரர் பொறுமையானவர். "யாருக்கும்மா?" என்றார்.

"சிநேகிதிக்கு."

"புதுக்குடித்தனமா? எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேருக்கு எதை எடுத்தாலும் போதும்மா. நீங்க ரொம்ப யோசிக்கீங்க."

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். கடையில் இருந்த எதுவுமே சரியில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாமான்களை யார் யாருக்கென்று பிரித்தோம். அது லேசான வேலையே இல்லை. மிக்சி என்னுடையது, கிரைண்டர் அவளுடையது, மற்றதெல்லாம் யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. அவள் ஒவ்வொன்றையும் எடுத்து என் பக்கமே வைத்தாள்.

தோசைக்கல்லை எடுத்தவள் அதை எந்தப் பக்கமும் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வாரம் சேர்ந்து போய் வாங்கியது அது. இப்போது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, எண்ணெயே கேட்காது.

"நீ கொண்டு போ. முறுகலா இல்லாட்டி உனக்குத்தான் தொண்டையில எறங்காது" என்றேன்.

"போ ஏட்டி. ஒத்தையில இருக்கப்போறவ நீ. காலேசுலேருந்து வந்து ரெண்டு தோசை ஊத்திச் சாப்பிடுததுக்கு இதாவது இருக்கட்டும்."

ஒத்தையில் என்று அவள் வாயால் சொன்னது இன்றைக்குத்தான். சொல்லிவிட்டு உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று எழுந்து போனேன். பால் பொங்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

வாங்கிவிட்டேன். கனமான இரும்புத் தோசைக்கல், ஓரம் மழுங்கலாக, கைப்பிடி இல்லாதது. அதில் பெயர் வெட்ட முடியாது என்று கடைக்காரர் சொன்னார். வேண்டாம், பெயரில்லாமலே இருக்கட்டும் என்றேன்.

புதுக் கல்லை அப்படியே கொடுத்தால் தோசை ஒட்டும், கிழியும். புது வீட்டில் முதல் தோசையே கிழிந்தால் அவள் முகம் சுருங்கிப்போகும். அதனால் பழக்கித்தான் கொடுக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். வடிவுக்குத் தெரியாது. காலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போது செய்துகொள்ளலாம்.

பிப்ரவரி 26, புதன்

கல் வடிகஞ்சியில் ஊறுகிறது. கறுப்பாக என்னவெல்லாமோ விடுகிறது.

மார்ச் 3, திங்கள்

கல்லைக் கழுவி வெயிலில் காயவைத்து நல்லெண்ணெய் தடவினேன். அடுப்பில் வைத்து வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்தேன். வீடு முழுக்கப் புகை. சாயங்காலம் வடிவு வந்ததும், "என்னட்டி, என்னத்தைக் கருக்குன?" என்றாள். வத்தல் வறுத்தேன் என்று சொன்னேன். சின்னப் பொய்தான், அவளுக்காகச் சொன்னது.

சித்திரைக் கடைசியில் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் என்று பேசியிருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டுமாம். அதற்கு முன் அவள் சங்கரன்கோயிலுக்குப் போய் அண்ணனிடம் சம்மதம் கேட்க வேண்டும். அதற்குத்தான் பயப்படுகிறாள்.

மார்ச் 5, புதன்

இன்று லெந்து தவ நாட்கள் தொடங்குகின்றன. இந்த வருஷம் எதை விடுவது என்று தெரியவில்லை. மீன் என்றால் ஏற்கெனவே வீட்டில் சமைப்பதில்லை. வடிவு சைவம் என்பதால் இங்கே குடி வந்த நாளிலேயே நிறுத்திவிட்டேன்.

மார்ச் 8, சனி

வடிவு காலை பஸ்ஸில் சங்கரன்கோயில் போனாள்.

பேச்சிமுத்து வந்திருந்தார். வடிவு வீட்டில் இல்லை என்று தெரிந்துதான் வந்ததாகச் சொன்னார். ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்திருந்தார். காபி கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். போய்விட்டார்.

கல்லுக்கு இன்று மறுபடி எண்ணெய் தடவினேன். இன்னும் ஓரத்தில் சொரசொரப்பு போகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வடிவு வந்துவிட்டாள். அண்ணன் முதலில் தாம்தூம் என்று குதித்தானாம். இந்த வயதில் இது தேவையா, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் கேட்டானாம். மதினிதான் நடுவில் வந்து, "அவ கடைசிக் காலத்துல நீங்களா கஞ்சி ஊத்துவீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவன் சரி என்று சொல்லிவிட்டான். வடிவு இதையெல்லாம் அண்ணன் குரலிலும் மதினி குரலிலும் நடித்துக் காட்டினாள். இப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பேச்சிமுத்து வந்துபோனதைச் சொல்ல வாய்க்கவில்லை. கறிவேப்பிலைக் கன்று பற்றிக் கேட்டாள். பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

வேலை அதிகம். செய்முறைத் தேர்வு.

மார்ச் 16, ஞாயிறு

வடிவின் போனுக்குப் பேச்சிமுத்துவிடமிருந்து ஒரு வாரமாக அழைப்பு இல்லை. இவள் கூப்பிட்டால், தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்கிறாராம். பிறகு பேசுவதில்லை. "கன்னு விக்கிற நேரம் பாத்துக்கோ, ஆளுக்கு மூச்சு விட நேரமில்ல" என்று எனக்குச் சமாதானம் சொல்வதுபோல அவளுக்கே சொல்லிக்கொண்டாள்.

மார்ச் 20, வியாழன்

இன்று அவர் கூப்பிட்டார். வடிவு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"அவசரப்பட வேண்டாம்னு சொல்லுதாவ. 'நல்லா யோசிச்சுக்கிடுங்க, உங்க மனசுக்கு மாறா எதுவும் நடக்க வேண்டாம், நான் ஒரு எடைஞ்சலா இருக்க மாட்டேன்'னு. என்னட்டி அர்த்தம் இதுக்கு?"

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணன் போன் போட்டு ஏதும் ஏடாகூடமாப் பேசிட்டானோ?"

"இருக்கும்" என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 30, ஞாயிறு

கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது, வீடு பழையபடி ஆகிவிட்டது. பிரித்து வைத்த சாமான்களை அவளே எடுத்துத் திரும்பப் பழைய இடங்களில் வைத்துவிட்டாள். மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து கூழ்வற்றல் போட்டோம். சாயங்காலம் மார்க்கெட் வரை நடந்து போய்வந்தோம். ஒன்றும் குறைவில்லை. நான்தான் அதிகம் பேசினேன்.

தோசைக்கல்லை இன்னும் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் பஸ்ஸுக்குப் போனதும் கை தானாகக் கட்டிலுக்கு அடியில் போகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

வடிவு அடித்த ஒரு கடிதத்தில் ஊர்ப் பெயரையே மாற்றிப் போட்டுவிட்டாளாம். அதிகாரி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவள் வேலையில் பிழை என்று யாரும் சொன்னதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவளுக்கு வயிறு சரியில்லையாம். காலையிலும் சாப்பிடவில்லை. தோசை முறுகலாக ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விளிம்பை மட்டும் பிய்த்துத் தின்றாள்.

"அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். அவன் போனே பண்ணலையாம். சாமி மேல சத்தியம் பண்ணுதான்" என்றாள்.

தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

கல்யாணத்துக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த மாம்பழக் கலர் சேலையை இன்று மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். நான் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"வெக்கமா இருக்குட்டி. இந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு ஒரு நாள் கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன். நீ காலேசுக்குப் போயிருந்த. பொட்டு வச்சா எப்படி இருக்கும்னு வச்சுப் பாத்துட்டு அழிச்சேன். நாப்பத்தொம்பது வயசுல எனக்கு என்னத்துக்கு இதெல்லாம்? அவுக நேர்ல பாக்கப் பாக்க, சரி, இவ கெழவிதானேன்னு தோணியிருக்கும். மூஞ்சிக்கு நேரச் சொல்ல மனசில்லாம, யோசிச்சுக்கோன்னு சொல்லி வெலகிட்டாவ. நல்ல மனுசன்தான்."

"அப்படியெல்லாம் இல்ல" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

இஸ்திரிப்பெட்டியின் கீழே என் வெள்ளைச் சேலையின் ஓரம் கருகிவிட்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனைக்குப் போனேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாவதைப் பற்றி, தாயைச் சீஷன் வீட்டுக்கு ஒப்புக்கொடுத்ததைப் பற்றி, போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே வந்துவிட்டேன். வெயில் கொளுத்தியது. மதில் ஓரமாகவே நடந்து வீட்டுக்கு வந்தேன். வடிவு தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன். அதை இங்கேயும் எழுதத்தான் வேண்டும். மார்ச் எட்டாம் தேதி எழுதியதில் ஒன்றுமே இல்லை.

அன்றைக்குப் பேச்சிமுத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் மண் இருந்தது. அதை மறைக்க இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். வடிவு அதற்கு முந்தின நாள் போனில் அழுதாளாம். ஹெப்சியை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று அழுதாளாம். "அதுலேருந்து எனக்கு மனசு கேக்கலம்மா" என்றார். "நான் கட்டாயப்படுத்துதேனோன்னு சந்தேகமா இருக்கு. அவுக மனசறிஞ்சுதான் வாராவளா? எங்கிட்ட சொல்லாட்டாலும் உங்ககிட்ட சொல்லியிருப்பாவ. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

எனக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவள் சொன்ன நாளே தெரியும். ஒரே ஒரு 'ஆமாம்' சொல்ல வேண்டியிருந்தது.

இன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து, வடிவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றேன். பேச்சிமுத்து இங்கே வந்தார் என்று ஆரம்பித்தேன். குழாயை மூடினாள்.

"எப்போ?"

"நீ சங்கரன்கோயில் போயிருந்தப்போ."

"நீ சொல்லவே இல்லையே. என்ன கேட்டாவ?"

"நீ மனசறிஞ்சு வாரியான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"உனக்கு இங்க பழகிப்போச்சு, வேற எடம் ஒத்துக்கிடுமான்னு தெரியலைன்னு சொன்னேன்."

"பெறவு?"

"அப்போ வர மனசில்லையோன்னு கேட்டாவ."

"நீ?"

"காபி போட எந்திரிச்சு உள்ள வந்துட்டேன்."

"திரும்பிப் போயி?"

"காபியைக் குடுத்தேன்."

அவள் கையிலிருந்து சோப்பு நுரை வடிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுக்கு நான் எம்புட்டு ஆசைப்பட்டேன்னு உனக்குத் தெரியும்" என்றாள். "ஊருல ஒருத்திக்கும் தெரியாது. உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்."

"நீ போயிட்டா நான் என்ன செய்வேன்னு பயந்துட்டேன்."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன்" என்றாள். "போயிருப்பேன், ஆனா வாராவாரம் உன்னைப் பாக்க வந்திருப்பேன்."

பிறகு குழாயைத் திறந்து மீதிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தாள். என் தட்டையும் கழுவினாள்.

ஏப்ரல் 20, உயிர்த்தெழுந்த ஞாயிறு

ஆராதனையிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. வடிவு பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுச் செண்பகத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். துணிப்பெட்டி, அவள் சாமிப் படங்கள், தையல் மெஷின், இவ்வளவுதான் எடுத்துப் போயிருக்கிறாள். கிரைண்டரை விட்டுப் போயிருக்கிறாள். அது அவளுடையது.

ஏப்ரல் 24, வியாழன்

அவள் அலுவலக வாசலில் போய் நின்றேன். செண்பகம் மட்டும் வெளியே வந்தாள். "இப்போ வேண்டாம்க்கா. அவ பேசுத நெலமையில இல்ல. அவுகளுக்குப் போன் பண்ணிட்டா, எல்லாம் சரியாயிருச்சு. அது போதும்லா உங்களுக்கு?" என்றாள்.

போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 11, ஞாயிறு

கல்யாணம் நடந்து முடிந்துவிட்டதாம், செண்பகம் போனில் சொன்னாள். வெள்ளிக்கிழமையே நடந்திருக்கிறது. சாட்சிக் கையெழுத்து செண்பகம் போட்டாளாம். வடிவு மாம்பழக் கலர் சேலையைத்தான் கட்டியிருந்தாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வடிவு தென்காசிப் பக்கம் மாற்றலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாளாம்.

மே 19, திங்கள்

மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். இனி வைப்பதில் யாருக்கும் ஒன்றும் இல்லையே. கொஞ்சம் சாப்பிட்டேன். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

கல் நன்றாகப் பழகிவிட்டது. இன்று முதல் தடவையாக அதில் தோசை ஊற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. திருப்பியபோது ஓரம் தானாக எழும்பியது. இது இந்த வீட்டில் இருப்பது நியாயமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கடையத்துக்குப் போய்வந்தேன்.

போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று பதில் வந்துவிடும். கல்லைப் பழைய காட்டன் சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்து, அம்பை வழியாகப் போகும் பஸ்ஸில் வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். சேரன்மகாதேவி தாண்டியதும் எல்லாம் மறந்துவிட்டது.

வீடு அவள் சொன்னது போலவே இருந்தது. வாசலிலிருந்தே பச்சை. கறுப்புப் பைகளில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பேச்சிமுத்து என்னைப் பார்த்ததும் குழாயைப் போட்டுவிட்டு வந்தார்.

"வாங்கம்மா, வாங்க! இந்த வெயில்லயா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வந்திருப்பேன்லா. வடிவு, யாரு வந்திருக்காங்க பாரு!"

அவள் உள்ளேயிருந்து வந்தாள். நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். என்னைப் பார்த்து நின்றாள். கோபம் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். முகத்தில் கோபமே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்தால் எந்தப் பெண்ணும் சிரிக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கீங்களா?"

எனக்குப் பின்னால் யாரும் வந்திருக்கிறார்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். யாரும் இல்லை. என்னைத்தான் சொன்னாள்.

பையை நீட்டினேன். "உனக்குத்தான். தோசைக்கல். பழக்கியாச்சு, நாளைக்கே ஊத்தலாம்" என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சேலையைப் பிரித்து, கல்லின் மேல் விரலை வைத்து ஒரு சுற்றுத் தடவினாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. எவ்வளவு நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்தச் சமயத்தில் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"எதுக்கு இதெல்லாம்? ரொம்பக் கனம். இம்புட்டு தூரம் சொமந்துட்டு வந்திருக்கீங்களே" என்றாள். அதை அலமாரி மேல் கல்யாணத்துக்கு வந்த மற்ற சாமான்களோடு வைத்தாள். பக்கத்திலேயே அலுவலகத்தார் கொடுத்த வெள்ளி விளக்கு இருந்தது. சுற்றி வந்த சேலையை மடித்து என் பையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி உள்ளே போனாள்.

பேச்சிமுத்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். மேற்குப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற ஒரு சின்ன அறை. உள்ளே விதை மூட்டைகள் அடுக்கியிருந்தன. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்போ இதைத்தான் சொல்லணும்னு நெனைச்சேன்மா. உங்களை விட்டுட்டு வாரதுக்கு அவ அழுததால, லீவு நாளெல்லாம் நீங்க இங்கயே வந்து இருக்கலாம், ரிட்டையர் ஆனா மொத்தமாவே வந்துரலாம், ஒரு ரூம் கெடக்குன்னு. அப்புறம் பேச்சு வேற மாதிரிப் போயிருச்சு." குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "போன வாரந்தான் மூட்டையெல்லாம் இதுல எடுத்து வச்சோம்."

அடுக்களையிலிருந்து தோசை ஊற்றும் சத்தம் வந்தது. சட்னிக்குத் தேங்காய் உடைக்கிறாள் என்று தெரிந்தது. அங்கே போய்க் கதவருகில் நின்றேன். "நான் துருவித் தாரேன், உனக்குத் தோள் வலிக்கும்" என்றேன்.

"வேண்டாம், நீங்க அங்க உக்காருங்க" என்றாள். "அவுக துருவித் தருவாவ. நீங்க ஃபேனுக்கு நேரா உக்காருங்க, இங்க அனல்."

கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தோசை முறுகலாக இருந்தது. போதும் போதும் என்று சொல்லச் சொல்ல, விருந்தாளிக்கு வைப்பதுபோல இன்னொன்று வைத்தாள். தண்ணீர் தம்ளரில் வேலம்மாள் என்று இருந்தது.

கிளம்பும்போது பேச்சிமுத்து, "அடிக்கடி வந்துட்டுப் போங்கம்மா, இது உங்க வீடு மாதிரி" என்று இரண்டு தடவை சொன்னார். வடிவு அவருக்கு ஒரு எட்டுப் பின்னால் நின்றாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

ஏட்டி என்று கூப்பிட வாய் எடுத்தேன். வரவில்லை.

"வாரேங்க" என்றேன்.